விண்டோஸை விட்டு வருகிறவர்களிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது?

#1 முனையம்

வணக்கம் நண்பர்களே.

விண்டோஸுக்கு மாற்று இயங்குதளமான லினக்ஸைப் பயன்படுத்தும் எங்கள் குழு ஒரு துண்டறிக்கை தயாரித்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, செயலி பழசு என்று 11-க்குப் போக முடியாமல் நிற்கும் கணினிகள் ஏராளம். அவற்றை வைத்திருப்பவர்களிடம் "தூக்கிப் போடாதீர்கள், இப்படி ஒரு வழி இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். நோக்கத்தில் எனக்கு எந்த மாறுபாடும் இல்லை. வரைவில் இருக்கும் நான்கு வரிகள்தான் பிரச்சினை:

"முற்றிலும் இலவசம்!"
"வைரஸே வராது!"
"எவ்வளவு பழைய கணினியிலும் பறக்கும்!"
"விண்டோஸில் செய்வதையெல்லாம் இதிலும் செய்யலாம்!"

இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட என்னால் பொறுப்பேற்க முடியாது என்று குழுவில் சொன்னேன். "எதை எடுத்தாலும் குறை சொல்கிறீர்கள்" என்று பதில் வந்தது.

எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு வேலை செய்யும் ஒரு அம்மா. ஏழெட்டு வருடப் பழைய மடிக்கணினி. நான்தான் போய்ப் பேசினேன். "எல்லாமே வேலை செய்யும்மா, கவலைப்படாதீங்க" என்றேன். லைவாக, அதாவது எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே, ஓட்டிப் பார்க்காமல் நேராக இன்ஸ்டால் செய்தேன். ரீஸ்டார்ட் ஆனது, திரை அழகாக வந்தது. மூலையில் வைஃபை அடையாளத்தைக் காணோம். அந்த வைஃபை சில்லை இயக்கும் சிறு நிரல், அதாவது ஃபர்ம்வேர், நான் கொண்டுபோன பதிப்பில் இல்லை. அதை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர அந்த ஃபர்ம்வேர் வேண்டும். கடைசியில் என் போனைக் கேபிளில் மாட்டி, டெதரிங் போட்டுச் சரிசெய்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. மாலை ஐந்து மணிக்குள் அவர் அனுப்ப வேண்டிய கோப்பு போகவில்லை.

அவர் திட்டவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா இந்த வேலையை அனுப்பிட்டு நாளைக்கு வெச்சிருப்பேனே தம்பி" என்றார்.

லினக்ஸ் அன்று அவரை ஏமாற்றவில்லை, நான் ஏமாற்றினேன். இந்த வேறுபாட்டை நாம் இன்னும் சரியாக உணரவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

#2 வேர்ப்பயனர்

முனையம், உங்கள் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் துண்டறிக்கையை ஒருவர் பத்து விநாடி பார்ப்பார். அந்தப் பத்து விநாடியில் "வைஃபை வராமல் போகலாம், ஸ்கேனர் மக்கர் செய்யலாம்" என்று படித்தால் அடுத்த வரிக்கு எப்படிப் போவார்?

நிலவரத்தைப் பாருங்கள். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்தார். மேசைக்கணினிகளில் லினக்ஸின் பங்கு ஸ்டேட்கவுன்டர் என்ற புள்ளிவிவரத் தளத்தின் கணக்கில் 4 சதவீதத்தைத் தொட்டது 2024 பிப்ரவரியில். முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிருக்கிறது! எதிர்ப்பக்கம் விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்துக்கு முன்னால் நம்மிடம் இருப்பது வாய்ச்சொல் ஒன்றுதான். அதையும் "ஆனால்", "இருந்தாலும்" போட்டு இழுத்தால் யார் காதில் விழும்? உற்சாகமாகப் பேசுங்கள். வந்த பிறகு குறைகளைச் சொல்லிக்கொள்ளலாம்.

#3 தீச்சுவர்

"வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்பதை ஏற்க முடியவில்லை. வந்தவருக்கு அதை நாம் சொல்லவே வேண்டியதில்லை, தானாகத் தெரிந்துவிடும்.

குறையைச் சொன்னால் பெயர் கெட்டுவிடும் என்று நினைக்கிறவர்கள் ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு திறந்த இயங்குதளத்தின் இணையத்தள முகப்பு வாசகத்தைக் கவனிக்க வேண்டும். இயல்புநிலை நிறுவலில் ஐந்து ஆண்டுகளாக வெளியிலிருந்து நுழையக்கூடிய ஓட்டை ஒன்றுகூட இல்லை என்று ஒரு காலத்தில் போட்டிருந்தார்கள். 2002-இல், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்சில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. அது அவர்களே எழுதிய மென்பொருள். என்ன செய்தார்கள்? வாசகத்தை எடுத்துவிடவில்லை. "கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகளில் ஓர் ஓட்டை" என்று திருத்தினார்கள். 2007-இல் ஐபிவி6 என்ற இணைய நெறிமுறைக்கான நிரலில் இன்னொன்று அகப்பட்டது. "இரண்டே இரண்டு" என்று ஆக்கினார்கள். இன்றைக்கும் அந்த இரண்டு அங்கேயே இருக்கிறது.

தோற்றுப்போன எண்ணைத் தன் முகப்பிலேயே எழுதி வைக்கிறவனைத்தான் மனிதர்கள் நம்புகிறார்கள். அந்த வாசகத்தின் எல்லையையும் பாருங்கள். "இயல்புநிலை நிறுவலில்", "வெளியிலிருந்து நுழையக்கூடிய" என்று இரண்டு வேலி போட்டிருக்கிறார்கள். இது மிகக் குறுகிய கூற்று என்று குறை சொல்கிறவர்களும் உண்டு. குறுகியதாக இருப்பதால்தான் அவர்களால் அதைக் காப்பாற்ற முடிகிறது. "வைரஸே வராது" என்பதில் வேலியே இல்லை.

#4 வேர்ப்பயனர்

தீச்சுவர், ஓபன்பிஎஸ்டி படிக்கிறவர்கள் வேறு, நம் துண்டறிக்கையைப் படிக்கிறவர்கள் வேறு. நடைமுறையில் சொல்லுங்கள், பதினைந்து வருடமாக லினக்ஸ் ஓட்டுகிறேன், ஒரு வைரஸ்கூட வந்ததில்லை. உங்களுக்கு வந்ததா?

#5 தீச்சுவர்

எனக்கும் வந்ததில்லை. ஆனால் நீங்களும் நானும் கண்ட இடத்தில் நிரல் இறக்கி ஓட்டுகிறவர்கள் இல்லை. அந்த அம்மாவுக்கு நாளை "உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது, இங்கே அழுத்துங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் வரும். அந்தப் பக்கம் திறப்பது உலாவியில். எந்த இயங்குதளமாக இருந்தாலும் கடவுச்சொல் போவது போவதுதான். "வைரஸே வராது" என்று நாம் சொன்னதை நம்பி, அவர் முன்பைவிடக் கவனக்குறைவாக அழுத்துவார். நம் வாக்கியம் அவருக்குத் தீங்கு செய்கிறது.

நம் பக்கத்து வரலாறும் அப்படியொன்றும் கறையற்றது இல்லை. 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் வகையில், மறையாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் செய்த ஒரு மாற்றத்தால், உருவான மறையாக்கச் சாவிகள் எல்லாம் எளிதில் ஊகிக்கக்கூடியவை ஆயின. கண்டுபிடித்தது 2008 மே மாதம். இரண்டு வருடம்! அதே ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது 2014 ஏப்ரலில், அந்தப் பிழையும் இரண்டு ஆண்டுகளாக எல்லார் கண்ணெதிரிலும் கிடந்தது. "ஆயிரம் கண்கள் பார்க்கின்றன" என்று நாம் சொல்லிக்கொள்வோம். கண்கள் பார்க்கலாம் என்பது உண்மை. பார்த்தன என்பது ஒவ்வொரு தடவையும் உண்மை இல்லை.

அப்படியானால் என்ன சொல்லலாம்? உறுதியாகச் சொல்லக்கூடியவை போதுமான அளவுக்கு இருக்கின்றன. பெரும்பாலான மென்பொருள் ஒரே களஞ்சியத்திலிருந்து, கையொப்பம் சரிபார்க்கப்பட்டு வருகிறது. இயங்குதளம், உலாவி, அலுவலக மென்பொருள் எல்லாவற்றுக்கும் அப்டேட் ஒரே வழியில் வருகிறது. நிர்வாகி கடவுச்சொல் இல்லாமல் அமைப்பின் கோப்புகளை மாற்ற முடியாது. ஓட்டை வெளிப்பட்டால் மூடி மறைக்க இடமில்லை. டெபியன் 1997-இல் எழுதிய சமூக ஒப்பந்தத்தில் "பிரச்சினைகளை மறைக்க மாட்டோம்" என்பதே ஒரு விதி. 2008-இல் அந்தச் சாவிப் பிழையை அவர்களே உலகத்துக்கு அறிவித்தார்கள், எல்லாரையும் சாவி மாற்றச் சொன்னார்கள். எனக்கு டெபியன் மீது மரியாதை வந்தது அந்த வாரத்தில்தான்.

#6 யாழினி_கணி

முதல் வரியைப் பற்றி நான் சொல்கிறேன். "முற்றிலும் இலவசம்."

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மன், 1983-இல் குனு திட்டத்தை அறிவித்த பிறகு, "நான் விலையைச் சொல்லவில்லை, சுதந்திரத்தைச் சொல்கிறேன்" என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. 1998 பிப்ரவரியில் கிறிஸ்டைன் பீட்டர்சன் 'ஓபன் சோர்ஸ்' (திறமூலம்) என்ற சொல்லை முன்வைத்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். அந்தச் சொல் நிறுவனங்களின் கதவைத் திறந்தது, ஆனால் சுதந்திரம் என்ற பேச்சு பின்னால் போய்விட்டது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

தமிழில் நமக்கு இந்தச் சிக்கலே கிடையாது. 'இலவசம்' வேறு, 'கட்டற்ற' வேறு. இரண்டு தனித்தனிச் சொற்கள் கையில் இருக்கும்போது, நாமே போய் 'இலவசம்' என்ற சொல்லில் மாட்டிக்கொள்கிறோம். இலவசம் என்றதும் கேட்பவர் மனதில் எழும் முதல் கேள்வி, "இதில் என்ன மறைந்திருக்கிறது?" என்பதுதான். அது நியாயமான கேள்வி. இலவசச் செயலிகள் தங்கள் தகவலை விற்றுப் பிழைப்பதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் 'கட்டற்ற மென்பொருள்' என்று மட்டும் அச்சடித்தாலும் பாதிப் பேருக்குப் புரியாது. அதனால் பெயரை விட்டுவிட்டுச் செயலைச் சொல்லலாம் என்பது என் யோசனை. "இதற்குப் பணம் கேட்க மாட்டார்கள். எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம். நண்பருக்கு நகல் எடுத்துக் கொடுத்தால் சட்ட மீறல் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் திறந்து பார்க்க முடியும்." இந்த நான்கும் உண்மை. இதில் கட்டற்ற என்ற கருத்து முழுதாக வந்துவிடுகிறது.

#7 புதுவரவு

நான் மாறி எட்டு மாதம்தான் ஆகிறது. பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு வைஃபையும் வந்தது, பிரிண்டரும் வந்தது. நான் திரும்பிப் போக நினைத்தது வேறு காரணத்துக்காக. திரை மங்கலாக இருக்கிறது என்று ஒரு குழுவில் கேட்டேன். முதல் பதில்: "மேன் பேஜ் (கட்டளைக் கையேடு) படிக்கத் தெரியாதா?" இரண்டாவது: "உனக்கு விண்டோஸ்தான் சரி." மூன்றாவது ஆள் என் கேள்வியை விட்டுவிட்டு, நான் போட்டிருந்த லினக்ஸ் வகையைத் திட்டினார். நாலாவதாக ஒருவர் "அமைப்புகளில் திரைக்குப் போய், அளவை 125 என்று வையுங்கள்" என்றார். அரை நிமிட வேலை.

துண்டறிக்கையில் என்ன எழுதினாலும், அடுத்த நாள் கேள்வி கேட்கும் இடத்தில் கிடைக்கும் பதிலைத்தான் ஆள் நம்புவார்.

#8 கருநிரல்

புதுவரவு சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சின்னவர், பெரியவர் என்று இங்கே யாரும் இல்லை தம்பி, தயங்காமல் எழுதுங்கள்.

2021 நவம்பரில் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப்!_ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனபோது நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பொதித்தொகுப்பில் இருந்த பிழையால், ஸ்டீமை நிறுவும் கட்டளை டெஸ்க்டாப்பையே நீக்கப் பார்த்தது. "ஆம், நான் சொல்வதைச் செய்" என்று தட்டச்சு செய்யச் சொல்லிக் கேட்டது. அவர் தட்டினார். டெஸ்க்டாப் போய்விட்டது.

நம்மவர்களில் பலர் உடனே "எச்சரிக்கையைப் படிக்காதவர் மேல்தான் தவறு" என்று கிளம்பினார்கள். விளையாட்டு ஒன்றை ஓட்ட நினைத்த மனிதர் ஒரு கருவி கேட்டதைச் செய்திருக்கிறார். அதில் அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? நிரலர்கள் அப்படிப் பேசவில்லை என்பதுதான் எனக்கு ஆறுதல். அந்த வாக்கியத்தைத் தட்டியே அத்தியாவசியப் பொதிகளை நீக்கிவிடும் வழியை மென்பொருள் நிறுவும் ஏபிடி கருவியில் அடைத்தார்கள். குறை சொன்னவரால் கருவி மேம்பட்டது. அவரைத் திட்டியவர்களால் எதுவும் மேம்படவில்லை.

டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில், தன் பேச்சு ஆட்களைக் காயப்படுத்தியது என்று மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். லினக்ஸின் மையமான கர்னலை எழுதியவருக்கே அது தேவைப்பட்டது என்றால், நம் குழுக்களில் "மேன் பேஜ் படி" என்கிறவர்கள் தங்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

#9 நள்ளிரவு_நிரலர்

எல்லாரும் நம்மையே திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். எதிரியை மறந்துவிட்டீர்களா? துண்டறிக்கையில் முதல் வரி "மைக்ரோசாஃப்ட் உங்களை உளவு பார்க்கிறது" என்று இருக்க வேண்டும். பயன்பாட்டுத் தகவலை அனுப்பும் டெலிமெட்ரி, கட்டாய மைக்ரோசாஃப்ட் கணக்கு, ஸ்டார்ட் மெனுவில் விளம்பரம். நல்ல கணினியைக் குப்பை ஆக்கியதே அவர்கள். இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? கோபம்தான் ஆளை நகர்த்தும்.

#10 முனையம்

நிரலரே, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அட்டவணை பார்த்து ஒதுக்குவது எனக்கும் பொறுக்கவில்லை. ஆனாலும் அந்த வரியை முதலில் போட மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

2001-இல் மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். அதே நிறுவனம் 2014-இல் லினக்ஸை நேசிக்கிறோம் என்றது, 2016-இல் விண்டோஸுக்குள் லினக்ஸ் கருவிகளை ஓட்ட வழி செய்தது, 2018-இல் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பை வாங்கியது. எதிரியை வைத்தே நம்மை அடையாளப்படுத்தியிருந்தால், அவர்கள் நடையை மாற்றிய அன்றே நம் பேச்சு பழசாகியிருக்கும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் பிழைப் பட்டியலில் முதல் எண் பிழை நினைவிருக்கிறதா? "சந்தையில் பெரும்பங்கு மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது" என்று உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வர்த் 2004-இல் பதிந்தது. 2013-இல் அவரே மூடினார். மூடும்போது மேசைக்கணினியில் விண்டோஸ் தோற்றிருக்கவில்லை, உலகம் கைப்பேசிக்கு நகர்ந்திருந்தது. எதிரி என்று நாம் குறித்து வைத்திருந்த இடமே மாறிப்போயிருந்தது.

இன்னொன்று. 2012-இல் உபுண்டு 12.10, பயனர் தன் கணினிக்குள் தேடுவதையும் இணையத்துக்கு அனுப்பி அமேசான் பொருட்களைக் காட்டியது. ஸ்டால்மன் அதை உளவு மென்பொருள் என்றே சொன்னார். 16.04-இல்தான் அது இயல்பாக அணைக்கப்பட்டது. "அவர்கள் உளவு பார்க்கிறார்கள்" என்று நாம் எழுதினால், விவரம் தெரிந்த ஒருவர் இதை எடுத்துப் போடுவார். அப்போது என்ன பதில் சொல்வோம்? "எங்கள் பக்கமும் நடந்தது. மூலநிரல் திறந்திருந்ததால் வெளியே தெரிந்தது, எதிர்த்தோம், நிறுத்தப்பட்டது" என்பதுதான் உண்மையான பதில். அந்தப் பதில் தாக்குதலைவிட வலுவானது என்பது என் நம்பிக்கை.

அச்சுறுத்தலையும் தவிர்க்க வேண்டும். "உங்கள் கணினி செத்துவிட்டது" என்று எழுத முடியாது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்டே வைத்திருக்கிறது. அதைத் துண்டறிக்கையிலேயே சொல்லிவிடலாம். அவசரப்பட்டு மாறுகிறவரைவிட, அவகாசம் எடுத்து லைவ் பென் டிரைவில் பார்த்துவிட்டு மாறுகிறவர்தான் நம்மோடு நிற்பார்.

#11 ஆய்வக_மேசை

தனி ஆட்களைப் பற்றியே பேசுகிறோம். நிறுவனங்களிடம் பேசும்போது இதே தவறு நூறு மடங்காகப் பெருகும். நான் அந்தப் பக்கத்தில் வேலை செய்தவன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லினக்ஸ் பிரச்சாரகர் எவரும் மியூனிக் நகராட்சியை மேற்கோள் காட்டாமல் இருப்பதில்லை. 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தார்கள், 2013 வாக்கில் ஏறக்குறைய 15,000 கணினிகளை மாற்றி முடித்தார்கள், 2017-இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்தார்கள். எதிர்த்தரப்பு இதை வைத்து "பார்த்தீர்களா, லினக்ஸ் ஒத்துவராது" என்கிறது. நம்மவர்கள் "மைக்ரோசாஃப்ட் தன் ஜெர்மன் தலைமையகத்தை அங்கே கொண்டுபோய்க் காரியத்தைச் சாதித்தது" என்கிறார்கள். தலைமையகம் மாறியது உண்மைதான். ஆனால் பயனர்களின் முறைப்பாடுகள் இருந்ததும் உண்மை, வெளியிலிருந்து வரும் ஆவணங்களோடு மல்லுக்கட்டியதும் உண்மை. இந்தப் பாதியை மறைத்துவிட்டுப் பேசப் போனால், எதிரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி அதையே முதல் கேள்வியாகக் கேட்பார். நான் அப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பக்கம் பேசியவர் நகராட்சி திரும்பிப் போனதைச் சொல்லாமல் விட்டிருந்தார். கேள்வி வந்ததும் திணறினார். அதோடு அந்தக் கூட்டம் முடிந்தது. மீதி இருபது பக்க அறிக்கையை யாரும் புரட்டவில்லை.

பிரெஞ்சுக் காவல் படையான ஜெண்டார்மெரியின் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் முதலில் இயங்குதளத்தைத் தொடவே இல்லை. 2005-இல் ஓபன்ஆஃபீஸ் அலுவலக மென்பொருள், அடுத்து ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, தண்டர்பேர்ட் மின்னஞ்சல். எல்லாம் விண்டோஸ் மேலேயே. ஆட்கள் தினமும் தொடும் கருவிகள் பழகிய பிறகு, 2008-இலிருந்து அடியில் இருந்ததை உபுண்டுவாக மாற்றினார்கள். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமும் 2024-இல் சுமார் 30,000 கணினிகளுக்கு லிப்ரெஆஃபீஸ் அலுவலக மென்பொருளை அறிவித்துத்தான் தொடங்கியது. அங்கே முன்வைத்த முக்கிய வாதம் பணம் இல்லை, "எங்கள் தகவல் எங்கள் கட்டுப்பாட்டில்" என்பது.

"செலவு மிச்சம்" என்ற வாதத்தை முதலில் வைக்காதீர்கள். பயிற்சி, மாற்றும் காலம், ஆவணங்களுக்குள் உள்ள பழைய மேக்ரோ நிரல்களைத் திரும்ப எழுதுவது என்று முதல் இரண்டு ஆண்டுகளில் செலவு கூடலாம். மிச்சம் என்று உறுதி கொடுத்தவர் அந்த இரண்டாம் ஆண்டில் தலைகுனிந்து நிற்பார். எதிர்த்தரப்பு விலையைக் குறைத்தாலும் அந்த வாதம் விழுந்துவிடும். விலக விரும்பினால் விலகும் சுதந்திரத்தை, திறந்த கோப்பு வடிவத்தை முன்வையுங்கள். அவற்றை யாராலும் தள்ளுபடி கொடுத்து அடிக்க முடியாது.

#12 வேர்ப்பயனர்

மியூனிக் பற்றிச் சொன்னது உறைத்தது. நானும் பாதிக் கதையைத்தான் சொல்லிவந்திருக்கிறேன். இனி மாற்றிக்கொள்கிறேன்.

#13 தீச்சுவர்

இன்னொரு விஷயம் விட்டுப்போகிறது. ஏதாவது நடந்த அன்று நாம் என்ன பேசுகிறோம்?

2024 மார்ச் 29. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தில் ஒளித்து வைத்த பின்கதவு வெளிப்பட்ட நாள். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலர் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டிக் கண்டுபிடித்தார். அன்று என் குழுவில் முதலில் வந்த செய்தி "லினக்ஸுக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம்". எழுதியவர் எந்தப் பதிப்பு என்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டாவது செய்தி "எல்லாச் சர்வரையும் அணையுங்கள்". இரண்டுமே தவறு. பாதிப்பு எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில். டெபியன் சோதனைக் கிளைகள், ஃபெடோரா ராஹைட், ஓபன்சூசே டம்பிள்வீட் போன்ற லினக்ஸ் பதிப்புகளுக்குப் போயிருந்தது, டெபியனின் நிலையான பதிப்பான ஸ்டேபிளுக்குப் போகவில்லை. இந்த மூன்று வரியும், பதிப்பைச் சரிபார்க்கும் ஒரு கட்டளையும் இருந்தால் போதும். அதை எழுதப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை.

பிறகு சில நாள் கழித்து "திறமூலம் என்பதால்தான் பிடிபட்டது" என்று கொண்டாட்டம். அது உண்மையில் ஒரு பாதி. சோர்ந்துபோன ஒற்றைத் தன்னார்வலரிடம் இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லவனாக நடித்து ஒருவன் உள்ளே வந்தான் என்பது மறுபாதி. உலகம் முழுதும் ஓடும் ஒரு நூலகத்தை ஏறக்குறைய ஒரே மனிதர் தாங்கிக்கொண்டிருந்தார். இதைப் பேச வேண்டியவர்கள் நாம்தான். பேசினால்தான் அவருக்குத் துணை வரும்.

அதே ஆண்டு ஜூலை 19, கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. மருத்துவமனைகளும் விமான நிலையங்களும் ஸ்தம்பித்தன. அன்று நம்மவர்கள் போட்ட கேலிப் படங்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் திரையைப் பார்த்தபடி நின்றிருந்த நிர்வாகிக்கு அந்தப் படம் எப்படி இருந்திருக்கும்? கர்னலுக்குள் ஓடும் மூன்றாம் தரப்பு நிரல் எந்த இயங்குதளத்தையும் விழவைக்கும். அன்று அந்தக் குழுவில் "உதவி வேண்டுமா" என்று ஒருவர் எழுதியிருந்தால் அதுவே பெரிய பிரச்சாரமாக இருந்திருக்கும்.

#14 வேர்ப்பயனர்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் விட மாட்டேன். குறைகளை மட்டும் படித்துவிட்டு யாரும் மாற மாட்டார்கள், பெருமையும் வேண்டும். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் அனைத்திலும் லினக்ஸ்தான். 2021-இல் செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரில் ஓடியது லினக்ஸ். ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பதும் அதே கர்னல். "நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்துவதுதான் இது" என்று ஒரு வரியாவது வையுங்கள். அந்நியம் என்ற பயம் போகும்.

#15 யாழினி_கணி

ஆண்ட்ராய்டு வரி நல்லது, அதை வையுங்கள். சூப்பர் கணினி வேண்டாம் என்பேன். அதைக் கேட்டால் "அப்படியானால் இது எனக்கானது இல்லை" என்று தோன்றும்.

#16 கருநிரல்

"எவ்வளவு பழைய கணினியிலும்" என்பதை யாரும் தொடவில்லையே. 32 பிட் செயலி உள்ளவற்றை இனி மறந்துவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கு நிறுவியே கிடையாது. 2 ஜிபி ராம் உள்ளதில் டெஸ்க்டாப் வரும், ஆனால் உலாவியில் நாலு தாவல் திறந்தால் மூச்சு வாங்கும். 4 ஜிபி ராமும் ஓர் எஸ்எஸ்டியும் இருந்தால் நிம்மதி என்று எண்ணோடு எழுதுங்கள்.

வைஃபை விஷயத்தில் முனையத்துக்கு ஒரு தகவல். 2022-இல் டெபியன் ஓட்டெடுப்பு நடத்தி, கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரையும் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்க முடிவு செய்தது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அது உள்ளேயே வருகிறது. கொள்கைப்பிடிப்புள்ளவர்களுக்குக் கசப்பான முடிவுதான். ஆனால் மறைக்காமல் விவாதித்து, ஓட்டுப் போட்டு, ஒப்பந்தத்தின் வாசகத்தையே திருத்திச் செய்தார்கள்.

#17 முனையம்

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து திருத்தி எழுதினேன்.

---
*உங்கள் விண்டோஸ் 10 கணினியை வைத்துக்கொள்ளலாம்.*

*அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு அடியில் இருப்பதும் இதன் கர்னல்தான். இதற்குப் பணம் கேட்க மாட்டார்கள். எத்தனை கணினியிலும் போடலாம், நண்பருக்கும் தரலாம்.*

*64 பிட் செயலி, 4 ஜிபி ராம் இருக்க வேண்டும். எஸ்எஸ்டி இருந்தால் நல்லது.*

*இணையம், மின்னஞ்சல், படம், பாட்டு, கடிதம், கணக்கு எல்லாம் செய்யலாம். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், ஃபோட்டோஷாப் இவற்றின் மேசைக்கணினிப் பதிப்புகள் இதில் நேரடியாக ஓடாது. சில ஆன்லைன் விளையாட்டுகள் ஓடாது. சில ஸ்கேனர்களும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களும் வேலை செய்யாமல் போகலாம்.*

*அப்டேட் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரும். ஏமாற்று மின்னஞ்சலிலிருந்து எந்த இயங்குதளமும் உங்களைக் காப்பாற்றாது.*

*அவசரம் இல்லை. 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் பெற மைக்ரோசாஃப்டிடம் ஒரு திட்டம் இருக்கிறது. அதற்குள் எங்களிடம் ஒரு பென் டிரைவ் வாங்கி, எதையும் அழிக்காமல் சுலபமாக ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் சோதியுங்கள். பிடிக்கவில்லை என்றால் பென் டிரைவைத் திருப்பிக் கொடுங்கள்.*

---

குழுவில் இன்று மாலை வைக்கிறேன். அதற்கு முன் அந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாவுக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். (அவர் இன்னும் லினக்ஸில்தான் இருக்கிறார். திருத்தக் குறிப்புகள் உள்ள கோப்புகளை மட்டும் உலாவி வழியாக வேர்டில் திறக்கிறார்.)

#18 நள்ளிரவு_நிரலர்

கோபம் இல்லாமல் எழுதியும் எனக்குப் பிடித்திருக்கிறது. பென் டிரைவ் பத்து நான் தயார் செய்து தருகிறேன்.

#19 ஆய்வக_மேசை

பின்பக்கத்தில் கேள்வி கேட்க ஒரு முகவரி வேண்டும், பதில் சொல்ல இரண்டு பேர் பெயர் கொடுக்க வேண்டும். புதுவரவு, நீங்கள் ஒருவராக இருப்பீர்களா? மாறிய அனுபவம் உங்களுக்குத்தான் இன்னும் பச்சையாக இருக்கிறது.

#20 புதுவரவு

சரிங்க, இருக்கிறேன். தெரியாததை "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதலாம்தானே?

#21 முனையம்

அப்படியே எழுதுங்கள்.

அந்த அம்மாவிடமிருந்து பதில் வந்துவிட்டது. எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு சொல்லை அடித்திருக்கிறார். "எதையும் அழிக்காமல் சுலபமாக ஓட்டிப் பாருங்கள்" என்பதில் உள்ள 'சுலபமாக'. பென் டிரைவிலிருந்து ஏற்ற, கணினியைத் திறக்கும்போது எந்தச் சாவியை அழுத்துவது என்று அவருக்கு அன்று தெரியவில்லையாம். கணினிக்குக் கணினி அது மாறும் என்றும் யாரும் சொல்லவில்லையாம். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, எஃப்2, எஃப்10, எஃப்12, டெல் என்று சாவிகளின் வரி ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு சாவி உள்ள கணினி யாரிடமாவது இருந்தால் மாலைக்குள் சொல்லுங்கள்.